அவளுக்கும் தூரம் என்றார்கள்

"நாய்தானே" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் நல்லவராக இருக்கலாம், ஆறுதலுக்காகவே சொல்லலாம். எனக்கென்னவோ அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மட்டாஞ்சேரி வீட்டுக் கூடமும், அங்கே சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்ன என் மூத்த மைத்துனரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. நான் பாலக்காட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் மாமியார், என் கணவர், நான் மூன்றே பேர். மாமனார் அதற்கு முந்தின ஆடி மாசம் காலமாகியிருந்தார். அவர் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஆசாரத்தில் நெருப்பு. குளித்து மடி உடுத்தாமல் யாரும் அடுக்களை வாசலைத் தாண்டக் கூடாது. வெளியிலிருந்து வந்தால் சொம்புத் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாது. அப்பேர்ப்பட்ட மனுஷர், நான் வருவதற்கு முந்தின வருஷம், ஒரு நாள் கிடங்கிலிருந்து ஒரு பெண் நாய்க்குட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து பின் முற்றத்தில் விட்டார். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் அவளுக்குத் தயிர் சாதம் பிசைந்து போடுவது அவர் வேலை. வேறு யார் போட்டாலும், "உப்பில்லாம போட்டிருக்கேளே, அவ எப்படித் தின்னுவா?" என்று கேட்பார். எங்களுக்கு ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

அவள் எனக்கு எப்படி வேண்டியவளானாள் என்றால், அந்த வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை இருந்தது. முற்றத்தைப் பார்த்துத் திறக்கும், வீட்டோடு சேராத ஒற்றை அறை. மாதாமாதம் விலக்காகித் தூரமான பெண்கள் மூன்று நாள் இருப்பதற்கென்றே கட்டியது. தட்டைத் தூரத்தில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். என் நிழல் மேலே பட்டாலும் குளிப்பார்கள். புதுப் பெண்ணாக வந்த முதல் மாதம் நான் அங்கே உட்கார்ந்து அழுதபோது அந்த வீட்டில் என்னைத் தொட்ட ஒரே பிராணி அவள்தான். நேரே உள்ளே வந்து என் மடியில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் வந்தாள். எனக்கு அவள்மேல் உயிர். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

மாமனாரின் வருஷாப்திகம், அதாவது முதல் வருஷத் திவசம், ஆடியில் வரவிருந்தது. அதற்கு முன்னால் ஆனி மாத மழையில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வாலுக்கடியில் ஏதோ கசிந்தது. பாயிலும் படியிலும் கறை. மாமியார் எட்ட நின்று பார்த்துவிட்டு, "அதுவும் பெண்ணாப் பொறந்ததுதானே? தூரமாக்கும். நாலு நாள் போனா சரியாயிடும்" என்றார். அவ்வளவுதான். தூரம் என்று சொல்லியாகிவிட்டது, இனி யாராவது கிட்டப் போவார்களா? முற்றத்துக் கோடியில் கட்டிப்போட்டு, சோற்றை எட்ட இருந்து வீசினார்கள். அவிழ்த்துவிடப் போன என்னையும், "சமைக்கறவ நீ, அங்கே போகப்படாது" என்று மாமியார் தடுத்தார். தொட்டுப் பார்க்க ஆளில்லை. ஒரு நாய்க்குத் தீட்டுப் பார்த்த குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்!

நல்லவேளை, அந்த வாரமே எனக்கும் வந்தது. பின்கட்டு அறைக்குப் போனேன். போன கையோடு அவளை அவிழ்த்து உள்ளே அழைத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. இரண்டு தூரமும் ஒரே இடத்தில் இருந்தால் அவர்களுக்கும் சௌகரியம்தானே. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது வேறு என்று தெரிந்தது. வைத்த வாளித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தாள், இன்னும் கேட்டாள். சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. கசிந்தது ரத்தமில்லை, சீழ். அந்த நாற்றம் மழை வாசனையையும் மீறி அறையை நிறைத்தது. நாய்க்கு வருஷத்துக்கு இரண்டு முறைதான் அந்தக் காலம் வரும். அவளுக்கு அது சித்திரையிலேயே வந்து போயிருந்தது. முற்றத்தின் இந்தப் பக்கமிருந்து என் கணவரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஏன்னா, இது தூரமில்லை. உள்ளே என்னவோ அழுகிப்போயிருக்கு. மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"அம்மா சொல்றாளே, தானா சரியாயிடும்னு" என்றார் அவர், குடைக்குள்ளிருந்து.

"அம்மா டாக்டருக்குப் படிச்சிருக்காளா?"

அவர் உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்து அவரைப் பிடித்து இழுக்கவா முடியும்? மூன்று நாள் கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் குளித்த ஈரத் தலையோடு அவளை என் பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அதற்கப்புறம்தான் என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் கையை விரித்தார்கள். ஜெட்டிக்கு நடந்து, எர்ணாகுளம் போட்டில் ஏறினோம். "பட்டியெ கேற்றாமோ?" என்று ஒருத்தர் முகத்தைச் சுளித்தார். நாயை ஏற்றலாமா என்றுதானே, கேட்கட்டும் என்று நான் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் மலையாளி. பெரும்பாலும் பசுமாட்டு வைத்தியம் செய்கிறவர். வயிற்றை அழுத்திப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "எத்தனை நாளாச்சு? இத்தனை நாளும் நீங்க யாரும் நோக்கலையோ?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் நாய்க்கும் தீட்டு உண்டு, அதனால் பார்க்கவில்லை என்றா சொல்வது? வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருக்கிறது என்றார். உடனே ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. மருந்து மட்டும் கொடுத்தால் சில நாள் தாங்கும், பிறகு வெடித்துவிடும். இல்லையென்றால் வேதனைப்படாமல் ஒரேயடியாகத் தூங்கவைக்க ஊசி போடலாம். "நிங்கள் தீருமானிக்கணும். என்னைக் கேட்டா, ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

"ஆபரேஷன்தான்" என்றேன் நான்.

"ஆத்துல கலந்துண்டு சொல்றோம்" என்றார் என் கணவர், அதே மூச்சில்.

யாரோடு கலப்பது? மறுநாள் பம்பாயிலிருந்து வருகிற அவருடைய அண்ணாவோடு! அந்த மனுஷர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். தகப்பனாரின் கடைசிக் காலத்தில் ஒரு வேளை மருந்து ஊற்றினவரில்லை. ஆனால் அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அவர் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும். டாக்டர் பாவம், தாங்குவதற்கு ஓர் ஊசி போட்டு, "வைகிக்கருது" என்றார். தாமதிக்காதே என்று நாய்க்குச் சொல்வது போல அவள் தலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

மைத்துனரும் அவர் மனைவி மன்னியும் மறுநாள் வந்து இறங்கினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் பேச்சு நடந்தது. நான் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். மைத்துனர் என்னிடம் நேரே பேச மாட்டார். தம்பியைப் பார்த்துப் பேசுவார், அது எனக்கு.

"ஆப்திகம் பக்கத்துல வந்தூட்டது. இந்த நேரத்துல ஆத்துல சீழும் ரத்தமுமா? நாயோட கண் பட்டா பித்ருக்கள் சாப்பிட மாட்டா. திவசம் பண்ணிவைக்கற வாத்தியார் தெளிவா சொல்லிட்டார். டாக்டர் ஊசி போடறேன்னாரோல்லியோ, போட்டுடச் சொல்லு. நாய்தானேடா."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிற்று. "ஏன்னா, அண்ணாவைக் கேளுங்கோ. அது யாரோட நாய்னு கேளுங்கோ. யாருக்குத் திவசமோ அவரோட நாய். அவர் கையால சோறு போட்டு வளர்த்தது. அதைக் கொன்னூட்டு அவருக்கு எள்ளும் தண்ணியும் விடப்போறாளா?"

மருமகள் அந்தக் கூடத்தில் குரலை உயர்த்தினது அதுதான் முதல் தடவை. மாமியார் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நான் அவரையே பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார். என் கணவரோ மோட்டுவளையில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உன் ஆத்துக்காரிக்கு வாய் நீளமாயிடுத்து" என்றார் மைத்துனர்.

நானும் சும்மா இருக்கவில்லை. அன்றைக்குப் படுக்கப் போகுமுன் என் கணவரிடம் கறாராகச் சொன்னேன். "நாளைக்குக் காலம்பற முதல் போட்டுல அவளை அழைச்சுண்டு போகணும், ஆபரேஷனுக்கு. இல்லேன்னா நான் பாலக்காட்டு ரயிலைப் பிடிப்பேன். உங்கப்பா திவசத்துக்கு யார் சமைக்கறான்னு அப்புறம் உங்கண்ணாவோட கலந்துக்கோங்கோ." மனுஷருக்கு அண்ணாவிடமும் பயம், என்னிடமும் பயம். அன்றைக்கு என்னிடம் இருந்த பயம் ஜெயித்தது. அண்ணா சந்தியாவந்தனத்தில் இருக்கும்போதே நாங்கள் படியிறங்கிவிட்டோம்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "பிழைச்சிருக்கு. இனி எல்லாம் நீங்க நோக்கற மாதிரி" என்றார். ஈரம் ஆகவே ஆகாது. எலி, பூச்சி அண்டக் கூடாது. நடக்க விடக் கூடாது, வேறு இடத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது. வாயால் ஏதாவது தின்ன ஆரம்பித்துவிட்டால் பயமில்லை. தின்னாமலே இருந்தால் கஷ்டம். திரும்பி வரும்போது முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். மழைத் தண்ணீரும் கடலேற்றத் தண்ணீரும் சேர்ந்து கால்வாய் பொங்கியிருந்தது. அந்த வீட்டில் உலர்ந்த இடம் உள்ளே கூடம், அடுக்களை, பூஜை அறை. வெளியே என்றால் பின்கட்டு அறை ஒன்றுதான். அங்கேதான் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தேன்.

மைத்துனர் குதித்தார். திவசத்துக்கு வரும் பிராமணர்கள் கால் அலம்புவதும் கை அலம்புவதும் அந்த முற்றத்தில்தான். அறையிலிருந்து நாய் ஒரு முனகு முனகினால் போச்சாம், எல்லாம் போச்சாம். கடைசியில் அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். அப்பா வேலை பார்த்த கிடங்கில் சொல்லியாயிற்று, திவசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆள் வந்து நாயைக் கோணிச்சாக்கில் தூக்கிக்கொண்டு போவான், எல்லாம் முடிந்தபின் திரும்பக் கொண்டுவந்து விடுவான். எவ்வளவு கருணை! மழைக் காலத்துக் கிடங்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தரையெல்லாம் ஓதம், மூட்டைக்கு மூட்டை பெருச்சாளி. வயிற்றைக் கிழித்துத் தைத்து முழுசாக ஒரு வாரம் ஆகாத ஜீவனை அங்கே போட்டால் காலையில் எலி தின்ற மிச்சம்தான் கிடைக்கும். ஊசி போட்டிருந்தாலாவது வலியில்லாமல் போயிருக்கும். இதைச் சொன்னேன். "ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது. சாரமில்லை" என்றார் என் கணவர். பரவாயில்லையாம். அவள் அதுவரை ஒரு வாய்ச் சோறு தின்றிருக்கவில்லை. நான் விரலால் தொட்டு வைக்கும் பாலைத்தான் நக்கிக்கொண்டிருந்தாள்.

திவசத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, நான் மடியாக அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். ஆள் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன். அடுக்களையை விட்டு வெளியே வந்து, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் தூரமாயிட்டேன்."

பொய். சுத்தமான பொய். அந்த வீட்டில் நான் சொன்னதிலேயே பிரயோஜனமான வார்த்தை அதுதான். மன்னி "ஐயோ ராமா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மைத்துனர் நாற்காலியிலிருந்து எழுந்து விலகினார். என் கணவர் வாயைப் பிளந்தார். ஊறவைத்த உளுந்தையும் களைந்த அரிசியையும் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் பம்பாயில் கேஸ் அடுப்பில் சமைத்துப் பழகின மன்னி, ஈரப் புடவையோடு விறகடுப்பில். மன்னியை நினைத்துக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் திரும்பிப் பார்க்காமல் முற்றத்துத் தண்ணீரில் நடந்து பின்கட்டு அறைக்குள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இனி என்ன செய்வார்கள்? தூரமான பெண் இருக்கும் அறைக்குள் கிடங்கு ஆள் நுழைய முடியுமா? என்னைத்தான் வேறு எங்கே அனுப்ப முடியும்? எனக்கு அதுதானே இடம்! அவர்கள் சட்டம், அவர்கள் கட்டின அறை.

சாயங்காலம் ஆள் வந்துவிட்டான். மைத்துனர் அவனை முற்றத்துக் கோடியில் நிறுத்திவிட்டு, தம்பி வெளியே போயிருந்ததால் வேறு வழியில்லாமல் என்னிடம் நேரே பேசினார். "நாயை மட்டும் வெளியில விடு. அவன் எடுத்துண்டு போகட்டும்."

"அவளால நடக்க முடியாது" என்றேன் உள்ளேயிருந்து.

"அப்போ நீ நகர்ந்துக்கோ. அவன் வந்து எடுப்பான்."

நான் எழுந்து கதவை அகலத் திறந்தேன். நிலைப்படியைத் தாண்டி அவரைப் பார்த்து நடந்தேன். "வாங்கோ. நீங்களே வந்து எடுத்துக்கோங்கோ" என்றேன். பம்பாயில் பெரிய ஆபீஸ், கோட்டு, சூட்டு. அந்த மனுஷர் குடையைக்கூட மறந்து, கொட்டுகிற மழையில் பின்வாங்கிக்கொண்டே போனார், போனார், குழாயடிக் கல்லில் முட்டிக்கொண்டுதான் நின்றார். அவர் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. என்னைப் பார்த்துத்தான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமும் என்னை இப்படித்தானே பார்த்திருக்கிறார்கள், இந்தப் பார்வைக்குத்தானே நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்! ஆள் வெறும் சாக்கோடு திரும்பிப் போனான்.

மறுநாள் திவசம். ஹோமப் புகையும் மந்திரமும் மழையோடு கலந்து பின்கட்டுக்கு வந்தன. நான் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன், அவள் முனகவில்லை. மூக்கு சுட்டது. கண்ணை மூடி மூடித் திறந்தாள். காலையிலிருந்து பாலையும் நக்கவில்லை. பிராமணர்கள் சாப்பிட்டுக் கை அலம்பிப் போனார்கள். கூடத்தில் மைத்துனர் யாரிடமோ சொல்வது கேட்டது, "அப்பாவுக்கு அந்த நாய்னா உயிர்" என்று, குரல் தழுதழுக்க. எனக்குக் கதவை உடைத்துக்கொண்டு போய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

அப்போது மாமியார் வந்தார். தட்டைத் தூரத்தில் வைக்கவில்லை. நேரே படியேறி உள்ளே வந்துவிட்டார். திவசத்தன்று, மடிப் புடவையோடு! நான் பதறி நகர்ந்தேன். "இரு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார். கையில் ஓர் இலைத் துண்டு. அதில் திவசச் சாதம், தயிர் விட்டுக் குழையப் பிசைந்தது. ஒரு கவளம் எடுத்து அவள் வாயருகே நீட்டினார். "உப்புப் போட்டிருக்கேன்டீ" என்றார் அவளிடம்.

அவள் முகர்ந்தாள். நாக்கை நீட்டித் தொட்டாள். பிறகு மெதுவாகத் தின்றாள். இன்னொரு கவளம். இன்னொன்று. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அழுகையோடேயே கோபமும் வந்தது. "இவ்வளவு இருக்கே மனசுல! அன்னிக்குக் கூடத்துல ஒரு வார்த்தை சொல்லப்படாதோ அம்மா? நான் உங்களையே பார்த்துண்டு நின்னேனே!"

மாமியார் இலையை வழித்து வழித்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போன வாரம்தானே நீ குளிச்சே? எனக்குக் கணக்குத் தெரியாதா?" என்றார். "எனக்கு நின்னு போறவரைக்கும் மாசாமாசம் இங்கேதான் உட்கார்ந்தேன். ஜுரத்தோட எழுந்து முப்பது பேருக்குச் சமைச்சிருக்கேன். செத்த குழந்தையைப் பெத்த மறு மாசமே அம்மி அரைச்சிருக்கேன். தூரம்னு ஒரு பொய் சொல்லிட்டு வந்து இங்கே படுத்துண்டிருந்தா எவன் கேட்டிருப்பான்? எனக்குத் தோணவே இல்லையேடீ. ஒரு தடவைகூடத் தோணலை."

அவர் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் என் மேலில்லை.